அச்சை தோசைக்கல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ரப்பர் புழு வார்க்கும் சாமான்களைச் சுத்தம் செய்வது பற்றி

கேள்வி இது: மூன்று மாதமாக கராஜில், பாஸ் மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் சாஃப்ட் பிளாஸ்டிக் புழுக்களை வார்த்து வருகிறேன். கண்ணாடிக் கப்பின் அடியில் பழுப்பாகப் பிடித்திருக்கிறது. உருக்கியதை அச்சுக்குள் தள்ளும் இன்ஜெக்டரின் தண்டு உள்ளேயே இறுகிவிட்டது. அலுமினிய அச்சில் இருக்கும் கிளிட்டரும் எண்ணெய்ப் பிசுக்கும் போவதாயில்லை. புழுக்களை ஆறப்போடும் ட்ரே எத்தனை தடவை கழுவினாலும் ஒட்டுகிறது. எல்லாவற்றையும் அசிட்டோனில் ஊறப்போடலாமா, அல்லது டிஷ்வாஷரில் போட்டு எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். டெக்சஸில் டாலஸ் பக்கம் என் வீட்டுக் கராஜில் ஒன்பது வருடமாக வார்க்கிறேன். முதல் வருடமே இந்த இரண்டையும் செய்து பார்த்து, இரண்டுக்கும் தண்டம் கட்டியவன் நான். அசிட்டோனில் போட்ட ஓ-ரிங், அதாவது இன்ஜெக்டர் தண்டில் மாட்டும் ரப்பர் வளையம், மறுநாள் ஊறிய பட்டாணி மாதிரி உப்பிக் கிடந்தது. டிஷ்வாஷரில் போட்ட புது அலுமினிய அச்சு வெள்ளியாக உள்ளே போய் கரிச்சட்டி நிறத்தில் வெளியே வந்தது. வீட்டில் அன்றைக்குக் கேட்ட பேச்சைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலையில் அழுக்கு என்று நாம் பார்ப்பதில் முக்கால்வாசி, ஆறிப்போன பிளாஸ்டிசால்தான். அதைக் கழற்ற கையாலேயே உரிக்கலாம். உரிக்க முடியாததை இன்னும் கொஞ்சம் சூடான பிளாஸ்டிசாலே இழுத்துக்கொண்டு வரும். சோப்பு மூன்றாவது வழி. தண்ணீர் கடைசி வழி, அதைத் தொட்டால் முழுதாக உலர்த்தும் வரை அடுத்த வேலை கிடையாது. கரைப்பான்களுக்கு நம் கராஜில் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

ஏன் என்று புரிய, பிளாஸ்டிசால் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பிவிசி தூளை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் கலக்கி வைத்தால் அதுதான் பிளாஸ்டிசால். டப்பாவில் இருக்கும்போது கெட்டிப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சூடேற ஏற கூழாகும், பிறகு அல்வா பதத்தில் கரண்டியோடு சுருண்டு வரும். புதிதாக வார்ப்பவர்கள் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படும் கட்டம் அது. அதையும் தாண்டி 325 முதல் 350 ஃபாரன்ஹீட், அதாவது 163 முதல் 177 செல்சியஸ் வரை போனால் தெளிந்து, பாகு மாதிரி ஓடும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால் ரப்பர். மறுபடி சூடாக்கினால் மறுபடி பாகு. கண்ணாடியோடோ அலுமினியத்தோடோ அது பசை மாதிரி ஒட்டிக்கொள்வதில்லை, கவ்விக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் கரையாது, சோப்பு நுரைக்கும் அசையாது. அரைமணி நேரம் பிரஷ்ஷால் தேய்த்தாலும் வராதது, நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கி இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக வந்துவிடும்.

இடையில் ஒரு சின்னக் கதை. பிவிசியை இப்படி மெத்தென்று ஆக்கலாம் என்பதை 1926-ல் கண்டறிந்தவர் வால்டோ செமன். ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதே ஏக்ரனில் 1949-ல் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் வீட்டு அடுப்பில் வைத்துக் காய்ச்சி வார்த்த ரப்பர் புழுவிலிருந்துதான் இந்தத் தொழில் வளர்ந்தது. பிறகு அவர்கள் கம்பெனி டெக்சஸின் டைலர் நகருக்கு வந்தது. என் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அந்த ஏக்ரன் சமையலறையில் பாத்திரம் தேய்த்தது யார் என்று கேட்க எனக்கு எப்போதும் ஆசை.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் சாமான் வீணாகிற சமாச்சாரம், இது கை வேகிற சமாச்சாரம். தண்ணீர் 100 செல்சியஸில் ஆவியாகும், நம் பிளாஸ்டிசால் இருப்பது 170-ல். ஒரு சொட்டு நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். காய்ந்த எண்ணெயில் ஈர அப்பளம் போட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் எண்ணெய் பட்டால் வழிந்துவிடும். பிளாஸ்டிசால் ஜவ்வு மாதிரி தோலோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்து சுடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பைப் பளபளவென்று கழுவி, துணியால் துடைத்து, அப்படியே ஊற்றி மைக்ரோவேவில் வைத்தேன். கப்பின் உள்பக்கம் காய்ந்துதான் இருந்தது. கைப்பிடி கண்ணாடியோடு சேரும் மடிப்பில் நின்ற ஒரு சொட்டு, கப்பைச் சாய்த்து ஊற்றும்போது விளிம்பு வழியாக உள்ளே இறங்கியது. 'பட்' என்று ஒரு சத்தம். வலது மணிக்கட்டில் ஒரு பொட்டு அளவு தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தேன், அது என் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன், கிட்டப்பார்வைக் கண்ணாடி.

ஆகையால் எதைக் கழுவினாலும் துணியால் துடைத்ததோடு நிறுத்தாதீர்கள். கராஜுக்கென்று பழைய டோஸ்டர் ஓவன் ஒன்று வைத்துக்கொண்டு, 110 செல்சியஸ் போல வைத்து 20 நிமிடம் காய விடுங்கள். அச்சின் போல்ட் ஓட்டை, பொருத்தும் முளை இருக்கும் குழி, இன்ஜெக்டரின் மூக்கு, ஸ்பாட்டுலாவின் கைப்பிடி தலையோடு சேரும் இடம், இவைதான் நீர் ஒளிந்திருக்கும் இடங்கள். மரக்குச்சியால் கிளறும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மரம் காற்றிலிருந்தே ஈரம் குடித்து வைத்திருக்கும்; பாகில் சின்னச் சின்னக் குமிழி வந்து ஏன் என்று தெரியாமல் நீங்கள் பிளாஸ்டிசாலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சிலிகான் ஸ்பாட்டுலா அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி போதும்.

இனி கப். மீதி பிளாஸ்டிசாலை வழித்து எடுக்க அவசரப்படாதீர்கள். சூடாக இருக்கும்போது வழித்தால் இழுபட்டு, பிய்ந்து, சுவரெல்லாம் பூசிக்கொள்ளும். கப்பை மரப்பலகை மேலோ மடித்த துணி மேலோ வைத்து முழுதாக ஆறவிடுங்கள். கடப்பாக்கல்லிலோ ஈரத் தரையிலோ வைக்காதீர்கள், சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறக்கவே திறக்காதீர்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் அளவுக் கப்புகள் பெரும்பாலும் சோடா-லைம் கண்ணாடி. திடீர் சூடு மாற்றம் தாங்காது, சில்லு சில்லாகப் போகும். ஆறிய பிறகு விளிம்பில் ஒரு ஓரத்தைக் கிளப்பி மெதுவாக இழுத்தால் உள்வார்ப்பு மொத்தமும் ஒரு ரப்பர் கிண்ணமாக வெளியே வரும். அதை எறியாதீர்கள், துண்டு போட்டு மறுபடி உருக்கலாம்.

அதே நிறத்தை அடுத்த வாரமும் வார்ப்பதாக இருந்தால், மீதம் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை அப்படியே விட்டுவிடலாம். தூசு படாமல் மூடி வைத்தால் போதும். நிறம் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு ஸ்பூன் நிறம் சேர்க்காத பிளாஸ்டிசாலைக் கப்பில் ஊற்றி, சூடாக்கி, சுவர் முழுக்க படும்படி சுழற்றி, ஒரு கழிவு அச்சில் ஊற்றிவிடுங்கள். ஆறினதும் மிச்சத்தை உரியுங்கள். பழைய நிறமும் கிளிட்டரும் அதோடு வந்துவிடும். அந்தக் கழிவு அச்சில் சேரும் பெயர் தெரியாத நிறப் புழுவைத் தனியாக ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். லேக் ஃபோர்க் ஏரியில் கலங்கிய தண்ணீரில் அதற்கும் மீன் கடித்திருக்கிறது, நான் கணக்குப் பார்த்துக் கலக்கிய நிறத்துக்குக் கடிக்காத அன்றைக்கு.

நீங்கள் சொல்லும் பழுப்பு வேறு விஷயம். அது அடிப்பிடித்தது. பிவிசியை அளவுக்கு மேல் சூடாக்கினால் மஞ்சளாகி, பழுப்பாகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கில் குத்தும் அந்த நெடி வந்தால் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், கப்பை வெளியே வைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு நீங்களும் வெளியே போங்கள். பக்கத்தில் தொங்கும் இரும்புக் கருவிகளுக்குக்கூட அது துருவைத் தரும். கருகியதை மறுபடி உருக்கினால் எடுபடாது, கருகியது மேலும் கருகும். ஆறிய பிறகு கண்ணாடி அடுப்புகளைச் சுரண்டும் தட்டையான பிளேடால் சாய்த்து வழித்து எடுங்கள். எஃகு நார் வேண்டாம். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அடுத்த சூட்டில் அந்தக் கீறலிலிருந்தே விரிசல் ஓடும். சுரண்டியும் போகாத பழுப்பு என்றால் அந்தக் கப்புக்கு ஆயுள் முடிந்தது. புதுக் கப் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிப்பிடிக்காமல் இருக்கவும் ஒரு வார்த்தை. மைக்ரோவேவில் ஒரேயடியாக நான்கு நிமிடம் வைப்பதால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது, ஒரு பக்கம் அல்வாவாக இருக்கும்போதே இன்னொரு பக்கம் கருகிவிடும். முதலில் ஒன்றரை நிமிடம், கிளறல், பிறகு முப்பது முப்பது விநாடியாக வைத்துக் கிளறுங்கள். வெப்பமானியை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். திரும்பத் திரும்ப உருக்கும் மிச்சத்துக்கு, சூட்டில் கருகாமல் காக்கும் ஹீட் ஸ்டெபிலைசர் சில துளி சேர்ப்பது நல்லது.

இன்ஜெக்டர்தான் உங்களை அதிகம் அழவைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இறுகிய தண்டைக் குறடு போட்டு இழுத்தீர்களா? இழுத்திருந்தால் குழாயின் உள்சுவரில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் விழுந்த குழாயில் எந்த ஓ-ரிங்கும் நிற்காது. இழுக்கவில்லை என்றால் நல்லது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, குழாயைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். கையுறை போட்ட கையில் சூடு இதமாக உணரும் அளவு போதும், உருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் சற்று இளகி, சுவரை விட்டு விலகும். அப்புறம் தண்டை இழுக்காமல் முதலில் முறுக்குங்கள். கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். பிடிப்பு விட்டதும் நிதானமாக இழுத்தால் வரும். மூக்கில் அடைத்திருக்கும் கட்டியை எதிர்ப்பக்கத்திலிருந்து மூங்கில் குச்சியால் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், மூக்கின் விளிம்பு நசுங்கினால் அச்சில் சரியாக உட்காராமல் ஒவ்வொரு தடவையும் கசியும்.

அடுத்த தடவையிலிருந்து இந்தச் சிக்கல் வராமல் இருக்க ஒரு வழக்கம். கடைசி அச்சு நிரம்பியதும் இன்ஜெக்டரில் மிச்சம் இருப்பதைச் சூட்டோடு கப்பிலேயே திருப்பித் தள்ளிவிடுங்கள். தள்ளிய உடனே தண்டைக் கொஞ்சம், ஒரு விரல் அகலம், பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தாங்கியில் நிமிர்த்தி வைத்து ஆறவிடுங்கள். தண்டின் தலை அடியோடு அழுந்தி இருந்தால் நடுவில் சிக்கிய பிளாஸ்டிசால் இரண்டையும் முத்திரை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து தண்டை உருவினால், குழாயின் உள்ளே ஒட்டிய படலம் காலுறையைக் கழற்றுவது போல முழு உருளையாக வரும், மூக்கின் கட்டி அதன் வாலாகக் கூடவே வரும். நன்றாக வந்த நாளில் அதைப் பிள்ளைகளிடம் காட்டாமல் இருக்க முடிவதில்லை.

பிறகு இரண்டு ஓ-ரிங்குகளையும் விரலால் உருட்டிக் கழற்றி, டிஷ்யூ பேப்பரால் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். தண்டில் அவை உட்காரும் பள்ளத்தில்தான் கிளிட்டர் போய்ச் சேரும். பழைய டூத் பிரஷ் அதற்குத் தோதானது. திரும்ப மாட்டும் முன் ஒரு சொட்டு வார்ம் ஆயில் (ரப்பர் புழுவுக்குப் பூசும் எண்ணெய்) அல்லது மினரல் ஆயில் தடவுங்கள். அசிட்டோன் ஏன் கூடாது என்றால், இன்ஜெக்டர்களில் வரும் நைட்ரைல் ரப்பரும் வைட்டானும் அதற்குத் தாக்குப்பிடிப்பதில்லை. உப்பின ஓ-ரிங்கைக் காயவைத்தால் சுருங்கித்தானே ஆகும் என்று நானும் மாட்டிப் பார்த்தேன். சுருங்கியது, ஆனால் இறுக்கம் போய்விட்டது. சூடான பிளாஸ்டிசால் தண்டுக்குப் பின்னால் வழிந்து கைப்பிடி வரை வந்தது. ஓ-ரிங் டஜன் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். அளவு பார்த்து ஒரு பை வாங்கி ஆணியில் தொங்கவிடுங்கள்.

அச்சுக்கு வருவோம், இங்கேதான் தலைப்பில் சொன்ன தோசைக்கல். நல்ல தோசைக்கல்லை யாரும் சோப்புப் போட்டுச் சுரண்டி வைப்பதில்லை. துடைத்து, எண்ணெய் தடவி வைக்கிறோம். முதல் தோசை சரியாக வராது என்று தெரிந்தே ஊற்றுகிறோம். அலுமினிய அச்சும் அப்படித்தான். வேலை முடிந்ததும் இளஞ்சூட்டில் பஞ்சு போல மெத்தென்ற துணியால் துடையுங்கள், ஓரங்களில் படிந்த மெல்லிய பிசிறை விரலால் உருட்டி எடுங்கள், மூடி வையுங்கள். அவ்வளவுதான் தினசரிப் பராமரிப்பு. பளபளப்பாக்கும் ஆசை வேண்டாம்.

கிளிட்டர் குழியில் நிற்கிறது என்றீர்கள். தண்ணீர் பீய்ச்சினால் இந்தக் குழியிலிருந்து கிளம்பி அந்தக் குழியில் போய் உட்காரும். துணியால் துடைத்தால் துணியில் இருப்பதும் சேரும். நிறமில்லாத பிளாஸ்டிசாலை ஒரே ஒரு தடவை அச்சில் செலுத்தி, ஆறவிட்டு எடுங்கள். அந்தப் புழுவின் உடம்பில், குறிப்பாக வாலின் நுனியிலும் காலின் மடிப்புகளிலும், போன மாதத்துக் கிளிட்டர் எல்லாம் புள்ளி புள்ளியாக ஏறி வந்திருக்கும். பிரஷ் நுழையாத இடத்திலெல்லாம் பாகு நுழையும், அதைவிட நல்ல துடைப்பம் கிடையாது. வார்க்காத நாளில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் மாஸ்கிங் டேப்பை ஒட்டி எடுக்கலாம். ஊசி, ஸ்டீல் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அந்த அச்சு இருக்கும் வரை ஒவ்வொரு புழுவும் அந்தக் கீறலைச் சுமந்துகொண்டுதான் பிறக்கும். பல்குச்சி பரவாயில்லை.

எண்ணெய்ப் பிசுக்கு என்பது பிளாஸ்டிசைசரும் வார்ம் ஆயிலும் வாசனைத் திரவமும் சேர்ந்த படலம். கொஞ்சம் இருப்பது நல்லதே, புழு சுலபமாகக் கழறும். ஆனால் அது குழியில் தேங்கினால் புழுவின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் விழும், நுணுக்கமான வரிகள் மழுங்கும். அப்போதுதான் அச்சுக்குக் குளியல். பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற பிரஷ். நன்றாக அலசி, காற்றடித்து, போல்ட்டுகளைத் தனியாகக் கழற்றி, டோஸ்டர் ஓவனில் காய வையுங்கள். தண்ணீரே வேண்டாம் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியும் எண்ணெயை எடுக்கும். மருந்துக்கடையில் 70 சதவீதம் என்று இருப்பதில் மீதி 30 தண்ணீர் என்பதை மறக்காதீர்கள், 99 சதவீதம் வாங்குங்கள். அதுவும் முழுதாக ஆவியான பிறகுதான் சூடு, தீப்பிடிக்கும் சரக்கு.

டிஷ்வாஷர் ஏன் ஆகாது என்றால் அதில் போடும் சோப்பு காரத்தன்மை உள்ளது. அலுமினியத்தின் மேல்தோலை அரித்துக் கறுக்கவைக்கும், போகப்போகச் சொரசொரப்பாகும். இன்னொன்று, நம் சாமான் எதுவும் சமையல் பாத்திரங்களோடு சேரவே கூடாது. கப்பும் கரண்டியும் மைக்ரோவேவும் ஒருமுறை கராஜுக்குப் போனால் போனதுதான், சமையலறைக்குத் திரும்பி வருவதில்லை. பிளாஸ்டிசைசர் எண்ணெய்ச் சாப்பாட்டில் எளிதாகக் கலக்கும், வாசனை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

உப்பு கலந்து வார்க்கிறீர்களா? கனம் கூடி வேகமாக மூழ்கட்டும் என்று பலரும் சேர்ப்பார்கள். அப்படியென்றால் மேலே சொன்ன தோசைக்கல் விதி செல்லாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும். உப்பு வார்த்த அன்றே அச்சையும் இன்ஜெக்டரையும் வெந்நீரில் அலசிக் காய வைத்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் நம் பக்கம், உப்பு அதில் கரைந்துவிடும். மூக்கில் உப்பு அடைத்தாலும் அதே வெந்நீர்தான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு வைத்திருந்தால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேல்பூச்சு எங்காவது உரிந்திருந்தால் அதன் வழியே உறிஞ்சிக்கொண்டு, அடுத்த வார்ப்பில் குமிழி குமிழியாகத் திருப்பித் தரும். துடைத்து, வார்ம் ஆயில் தடவினால் போதும். சிலிகான் அச்சுக்கு சோப்புத் தண்ணீர் தாராளமாகப் போடலாம், ஆனால் மினரல் ஸ்பிரிட் மாதிரி பெட்ரோலியக் கரைப்பான் பட்டால் ஊதிவிடும்.

இப்போது அந்த ட்ரே. கழுவக் கழுவ ஒட்டுகிறது என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ட்ரேயில் அழுக்கு இல்லை, ட்ரேயே கரைந்துகொண்டிருக்கிறது. புழுவிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் பாலிஸ்டைரீன் மாதிரியான கெட்டி பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல இளக்கும். பழைய தூண்டில் பெட்டிகளில் புழுவும் பெட்டியும் ஒன்றோடொன்று உருகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. எந்தச் சோப்பும் அதைச் சரிசெய்யாது, எறிந்துவிடுங்கள். பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் பெட்டிகள் தாங்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று போட்டிருக்கும். நான் பழைய அலுமினிய பேக்கிங் ட்ரேயில்தான் ஆறப்போடுகிறேன். உங்கள் புனல், அளவுக் கரண்டி எதாவது பிசுபிசுத்தாலும் இதே காரணம்தானா என்று பாருங்கள்.

மைக்ரோவேவின் உள்கூரையில் மஞ்சள் எண்ணெய் படிந்திருக்கும், சூட்டில் ஆவியான பிளாஸ்டிசைசர் குளிர்ந்து ஒட்டியது. மாதம் ஒருமுறை பேப்பர் டவலில் சோப்புத் தொட்டுத் துடைத்து, கதவைத் திறந்து வையுங்கள். விட்டுவிட்டால் அது சொட்டாகத் திரண்டு கப்பில் விழும்.

காய்ச்சாத பிளாஸ்டிசால் மேஜையில் கொட்டினால் மட்டும் வழி வேறு. அது உரியாது, பூசும். முதலில் பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள், தரையில் நிறையக் கொட்டியிருந்தால் மரத்தூளோ பூனைக்குப் போடும் மணலோ தூவி அள்ளுங்கள், மீதத்தை மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் கடைசியில் சோப்பு. அடுப்பும் ஹீட் கன்னும் அணைந்து ஆறிய பிறகு, கதவு திறந்திருக்கும்போது மட்டும். எம்இகே, டெட்ராஹைட்ரோஃபியூரான் என்று பிவிசியை உண்மையிலேயே கரைக்கும் சரக்குகள் இருக்கின்றன, பைப் ஒட்டும் பசையில் வருவதும் அதுதான். ஒரு கப்பைச் சுத்தம் செய்ய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சூடாக்கும் கருவிகள் இருக்கும் அறையில் அந்த ஆவியை நிரப்புவது நமக்கு நாமே வைக்கும் வெடி. அசிட்டோனும் அந்த வகைதான், அது பிவிசியைக் கரைக்கக்கூடச் செய்யாது, உப்ப வைத்து நாறடிக்கும்.

மீதம் ஆன பிளாஸ்டிசாலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். சூடாக்கிக் கட்டியாக்கி, ஆறினதும் குப்பையில் போடுங்கள். எரிக்க வேண்டாம், பிவிசி எரியும் புகை நல்லதில்லை. ஏரியில் பயன்படுத்திய கிழிந்த புழுக்களை மறுபடி உருக்கச் சேர்ப்பதாக இருந்தால், கொக்கி குத்திய ஓட்டைக்குள் தண்ணீர் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். துண்டு துண்டாக நறுக்கி ஒரு வாரம் காயவிட்ட பிறகே கப்பில் போடுங்கள்.

சுத்தம் செய்யும் வேலையைப் பாதியாகக் குறைக்கிற ஒரு தந்திரம் வார்க்கும் வரிசையில் இருக்கிறது. வெளிர் நிறத்தில் ஆரம்பித்து அடர் நிறத்துக்குப் போங்கள். முதலில் வெள்ளை, அடுத்து ஷார்ட்ரூஸ் என்கிற மஞ்சள் பச்சை, பிறகு வாட்டர்மெலன், கிரீன் பம்ப்கின், கடைசியில் ஜூன் பக், கறுப்பு. கிரீன் பம்ப்கினில் கொஞ்சம் வாட்டர்மெலன் மிச்சம் கலந்தால் மீனுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கறுப்பு வார்த்த கப்பில் வெள்ளை ஊற்றினால் சாம்பல்தான். வெள்ளைக்கும் ஷார்ட்ரூஸுக்கும் தனிக் கப், தனி ஸ்பாட்டுலா வைத்து, கைப்பிடியில் கலர் டேப் ஒட்டிவிட்டேன். அதிலிருந்து நடுவில் கழுவும் வேலையே இல்லை.

டோஸ்டர் ஓவன் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் டெக்சஸ் வெயிலில் கழுவிய அச்சைத் திறந்து, காரின் டேஷ்போர்டில் துணி விரித்து வைத்துக் கண்ணாடிகளை ஒரு விரல் இறக்கிவிடுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து வந்து எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.